எடைத்தட்டின் அடியில் ஒரு நட்டு

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் அவருக்குக் கருவாட்டுக் கடை. நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மாணவர்கள் உடைக்கும் கண்ணாடிக் குழாய்களுக்குக் கணக்கு வைப்பதும், தராசு அறையைத் திறந்து பூட்டுவதும் என் பொறுப்பு. அங்குள்ள தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டியின் கதவை மூடாமல் எடை பார்த்தால் நம் மூச்சுக்காற்றுக்கே எண் மாறிவிடும். இதை ஒருமுறை அண்ணியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"மூச்சு உட்டாலே மாறுற தராச வெச்சிக்கிட்டு எப்படி யாவாரம் பண்ணுவ?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடம் என்னை அறிமுகப்படுத்தும்போதெல்லாம், "எங்க தம்பி பொண்டாட்டி, மூச்சு உடாம எடை போடும்" என்பார். நானும் சும்மா இருப்பதில்லை. அண்ணி நெத்திலியை அள்ளித் தட்டில் கொட்டி, முள் நடுவில் நிற்கிறதோ இல்லையோ, இரண்டு தரம் ஆடியதும் பொட்டலம் கட்டிவிடுவார். "எங்க பசங்க இப்படி எடை போட்டா மார்க் கெடையாது அண்ணி" என்பேன். எங்கள் இருவருக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

வியாபாரத்தில் பயன்படும் தராசையும் எடைக்கல்லையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை அரசு ஆய்வாளரிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும் என்பது சட்டம். எடைக்கல்லின் அடியில் ஒரு சிறு குழி இருக்கும், அதில் ஈயம் ஊற்றியிருக்கும். கல் சரியாக இருந்தால் அந்த ஈயத்தின் மேல் முத்திரை அடிப்பார்கள். அண்ணி வைத்திருந்தது சங்கிலிகளில் இரண்டு பித்தளைத் தட்டு தொங்கும் பழைய தராசு. மின்னணுத் தராசு வாங்கும்படி பலரும் சொல்லிவிட்டார்கள். உப்புக் காற்றுக்கும் கருவாட்டு ஈரத்துக்கும் அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது என்பது அவர் முடிவு.

முத்திரைக் காலம் முடிகிறது, கடைத்தெருவுக்குப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் முகாம் போடுகிறார்கள் என்று அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டார். "நீயும் வா. ஆபீசரு இங்கிலீஷ்ல ஏதாவது கேட்டா பதில் சொல்ல ஆளு வேணும்." எனக்கு அன்று விடுமுறை. காலை ரயிலில் போய் இறங்கினேன்.

அண்ணி எதற்கும் அவ்வளவு எளிதில் பயப்படுகிறவர் இல்லை. முத்திரை விஷயத்தில் மட்டும் பயப்படுவார். அதற்குக் காரணம் இருந்தது. அதே தெருவில் ஒரு வெங்காய வியாபாரி இருந்தார். ஒரு சோதனையில் அவருடைய எடைக்கல் தேய்ந்து போயிருந்ததைப் பிடித்தார்கள். தேய்ந்தது தெரியாமல் வைத்திருந்தேன் என்றார் அவர். அபராதம் கட்டினார், புதுக் கல்லும் வாங்கினார். ஆனால் தெரு அவருக்கு 'முக்காக்கிலோ' என்று பெயர் வைத்துவிட்டது. பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனபோது, "யாரு, முக்காக்கிலோ வூட்டுக் கல்யாணமா?" என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். கடைசியில் கடையை மங்கலம்பேட்டைப் பக்கம் மாற்றிக்கொண்டு போனார். "அபராதம் கட்டுனா தீந்துடும். பேரு வெச்சிட்டாங்கன்னா அத எங்க போயி கட்றது" என்பார் அண்ணி.

நான் போய்ச் சேர்ந்தபோது தராசு மேசைமேல் இருந்தது. புளி போட்டுத் தேய்த்து, சோப்புத்தூளில் கழுவி, துணியால் துடைத்து, இரண்டு தட்டுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார். அந்தத் தட்டுகள் மஞ்சள் நிறம் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஆய்வாளர் தராசப் பாக்கறாரா, பொண்ணு பாக்கறாரா அண்ணி?"

"அவரு பாக்கறாரோ இல்லியோ, ஊரே பாக்கும். நட."

கூடத்தில் வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். பூக்கடைக்காரர்கள், மளிகைக்கடைக்காரர்கள், பழைய இரும்பு வாங்குகிறவர்கள் என்று எல்லோரும் அவரவர் தராசை மடியில் வைத்துக்கொண்டு, மருத்துவமனையில் குழந்தையோடு காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு அடுத்த நாற்காலியில் பாய். அண்ணி கடைக்கு நேர் எதிரில் அவருக்கும் கருவாட்டுக் கடைதான். வெளிநாட்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து வைத்த கடை. அவர் மடியில் புதிதாகப் பளபளக்கும் மின்னணுத் தராசு இருந்தது.

"என்னா அக்கா, தராசக் குளுப்பாட்டிக் கூட்டியாந்துட்டீங்க?" என்றார் பாய்.

"என்னுது குளிக்கும் பாய். உங்க மிஷினுக்குத் தண்ணி பட்டா ஜன்னி வந்துடும்."

"ஜன்னி வந்தாலும் பொய் சொல்லாது அக்கா."

"என்னுது பேசவே பேசாது. அதனாலதான் எனக்குக் கூட்டம்."

பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. அவர் கடையில் கூட்டம் குறைவு என்பது தெருவுக்கே தெரியும்.

எங்கள் முறை வந்தது. ஆய்வாளர் குறைவாகப் பேசுகிறவர். குங்குமத்தைப் பார்த்ததும், "தொடச்சிடுங்கம்மா. அதுக்கும் எடை உண்டு" என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. துடைத்துக் கொடுத்தோம். எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தன் நிறைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார், எல்லாம் சரி. பிறகு தராசைக் கொக்கியில் மாட்டி, வெறும் தட்டுகளோடு தொங்கவிட்டார்.

ஒரு தட்டு கீழே இறங்கியது.

கடையில் அண்ணி தராசு வெறுமையாகத் தொங்கி நான் பார்த்ததே இல்லை. ஒரு கிலோ கல் எப்போதும் தட்டிலேயே குடியிருக்கும். ஆய்வாளர் இறங்கிய தட்டைத் திருப்பினார். அதன் அடியில், நடுவில், ஒரு பெரிய இரும்பு நட்டைப் பற்றவைத்திருந்தது. ஒரு முட்டையின் எடை இருக்கும்.

"இது என்னம்மா?"

"நட்டு சார்."

"நட்டுன்னு தெரியுது. தட்டுக்கு அடியில எதுக்கு?"

"எடைக்கு சார்."

அண்ணி இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். பின்னால் 'நட்டு' என்ற சொல் நாற்காலிக்கு நாற்காலி போய்க்கொண்டிருந்தது. பூக்கடைக்காரர் ஒருவர் எழுந்து நின்று பார்த்தார். அப்போதுதான் அண்ணிக்கு விஷயம் எப்படித் தெரிகிறது என்பது உறைத்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் என் கையைப் பிடித்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

நடந்தது இதுதான் என்று அவர் ஆய்வாளரிடம் சொன்னார். போன முத்திரை வாங்கிய பிறகு ஒருமுறை குமராட்சியிலிருந்து வந்த ஒரு பெண் நிறையக் கருவாடு வாங்கிப்போனாள். மினிபஸ்ஸின் மேலே வெயிலில் போட்டுக் கொண்டுபோயிருக்கிறாள். மறுநாள் ஊரில் எடை போட்டால் குறைந்திருந்தது. திரும்பி வந்து நடுத்தெருவில் நின்று கத்தினாள். கருவாட்டில் ஈரம் இருக்கும், காயக் காய எடை குறையும். ஆனால் கத்துகிறவளிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே அண்ணி பட்டறைக்குப் போய் நட்டைப் பற்றவைத்துக்கொண்டு வந்துவிட்டார். எடைக்கல் வைக்கும் தட்டின் அடியில். அந்தப் பக்கம் பாரம் கூடினால் இந்தப் பக்கம் கருவாடும் கூடுதலாகப் போட வேண்டிவரும். "வூட்டுக்குப் போயி எடை போட்டாலும் ஒரு கிலோ இருக்கணும் சார். வழியில காயறதுக்குத்தான் அந்த நட்டு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. ஆய்வகத்தில் நாங்களும் ஈரத்துக்கு எடை கழிப்போம், கூட்டுவோம். அதைக் கணக்கில்தான் செய்வோம், தராசில் பற்றவைக்க மாட்டோம்.

ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். எடைக்கல்ல இந்தத் தட்டுல வெச்சா ஜனங்களுக்கு ஜாஸ்தி போவும். கருவாட்ட இந்தத் தட்டுல வெச்சா கம்மியா போவும். நீங்க எதுல எத வெப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஒரே நட்டு ஒருவரைத் தருமவானாகவும் ஆக்கும், திருடராகவும் ஆக்கும். அன்றாடம் கருவாடு கிடந்த தட்டு எது என்று முகர்ந்தாலே தெரிந்திருக்க வேண்டும். ஆய்வாளர் அதையும் செய்தார். இரண்டு தட்டையும் மூக்கருகே கொண்டுபோனார். இரண்டிலும் புளியும் சோப்பும்தான் மணந்தன. பல வருடக் கவிச்சியை அண்ணி ஒரே காலையில் கழுவி விட்டிருந்தார். உப்புப் படிந்த தட்டு எது என்று காட்ட எங்கள் ஆய்வகத்தில் ஒரு சொட்டு மருந்து போதும். அது சிதம்பரத்தில் இருந்தது.

"ஏதாவது சொல்லேன்" என்றார் அண்ணி என்னிடம், தாழ்ந்த குரலில். "நீ படிச்சவதானே."

நான் வாயைத் திறப்பதற்குள் எங்களுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இதானா விஷயம்" என்றார் பாய்.

தன் தராசை நாற்காலியில் வைத்துவிட்டு அவர் முன்னால் வந்தார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. "சார், என் கடையில வாங்கறவங்க எல்லாம் இதே பாட்டுதான் பாடறாங்க. எதிர்ல ஒரு கிலோ வாங்குனா பை நெறயுது, உங்ககிட்ட வாங்குனா கொறயுதுன்னு. நான் மிஷின்தான் தப்போன்னு ரெண்டு வாட்டி ரிப்பேருக்கு அனுப்பிட்டேன். என் வூட்டம்மாவே இவங்க கடையில வாங்கியாந்து, 'இத பாருங்க, இது கிலோ'ன்னு எங்கிட்ட காட்டுது. நான் என்னாத்த சொல்றது?"

"எடைக்கல்லு எந்தத் தட்டுல வெப்பாங்க?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"இதோ, செவப்பு ஒயரு சுத்துன சங்கிலி இருக்குதே, அந்தப் பக்கந்தான். கல்ல எடுக்கவே மாட்டாங்க."

அறுந்த சங்கிலி ஒன்றைச் சிவப்பு ஒயர் சுற்றிக் கட்டியிருந்தது. நட்டு இருந்த தட்டு அதில்தான் தொங்கியது.

"நல்லாத் தெரியுமா?"

"எதிர்லயே உக்காந்திருக்கேன் சார். வேற எத பாக்கறது, யாவாரமெல்லாம் அங்கதான போவுது."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அப்புறம்தான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது பாய்க்குப் புரிந்தது. அண்ணி என் கையை விட்டார்.

"பாய், நீங்க எனக்குச் சாச்சி சொன்னீங்களா, எம்மேல புகாரு குடுத்தீங்களா?"

"ரெண்டுந்தான் அக்கா."

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ஏமாத்தலன்னு எடுத்துக்கறேன். நீங்களா கொண்டாந்து காட்டியிருக்கீங்க, அதனால இந்த வாட்டி எச்சரிக்கையோட உடறேன். ஆனா இந்தத் தராசுக்கு முத்திர போட முடியாது. கம்மியா காட்டுனாலும் தப்பு, ஜாஸ்தியா காட்டுனாலும் தப்பு."

"ஜாஸ்தி குடுத்தா யாருக்கு சார் நஷ்டம்? எனக்குத்தான."

ஆய்வாளர் பாயைக் காட்டினார். "இவருக்கு."

"அப்படிச் சொல்லுங்க சார்" என்றார் பாய்.

கூடத்தின் மூலையில் உரிமம் பெற்ற தராசு பழுதுபார்ப்பவர் ஒருவர் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவர் உளியால் தட்டி நட்டைப் பெயர்த்தார், அரத்தால் ராவினார், தட்டுகளைச் சமன் செய்தார். முள் நடுவில் நின்றது. ஆய்வாளர் முத்திரை அடித்தார், சான்றிதழ் கொடுத்தார். எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

ஆட்டோவில் ஏறியதும் அண்ணி சொன்னார். "நட்டப் பாத்தவங்க எத்தன பேரு, பாய் பேசறதக் கேட்டவங்க எத்தன பேரு, கவனிச்சியா?"

நான் கவனித்திருந்தேன். எங்களுக்கு முன்னால் முத்திரை வாங்கியவர்கள் பலர், நட்டைப் பார்த்த கையோடு கிளம்பிப் போயிருந்தார்கள். அவர்கள் கையில் பாதிக் கதைதான் இருந்தது. தெருவில் பாதிக் கதைதான் வேகமாக ஓடும்.

அடுத்த விடுமுறைக்குப் போனபோது அது ஓடியிருந்தது. கருவாடு வாங்க வந்தவர்கள் குனிந்து தட்டின் அடியைப் பார்த்தார்கள். சிலர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே விரலால் தடவியும் பார்த்தார்கள். இதைவிடப் பெரிய சங்கடம் வேறொன்று. இப்போது எடை துல்லியமாக இருந்தது, அதனால் பொட்டலம் முன்பைவிடச் சிறுத்துவிட்டது. வழக்கமாக வாங்கும் ஒரு பெண் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆபீசரு புடிச்சதுக்கப்புறம் கம்மியாப் போடறாங்க" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. முன்பு ஏமாற்றியிருந்தால் நட்டை எடுத்த பிறகு எடை கூடியிருக்க வேண்டும், குறைந்திருப்பதே முன்பு கூடுதலாகக் கொடுத்ததற்கு அத்தாட்சி என்று தராசைக் காட்டி, இரண்டு தட்டையும் தொட்டு, வரிசையாக விளக்கினேன். அவள் முழுவதும் கேட்டாள்.

"நீங்க டீச்சரா?" என்றாள்.

அவள் போனதும் அண்ணி, "மூச்சு உடாம பேசற. எடை போடறதோட நிறுத்திக்கோ" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. அன்று வாளையும் சென்னாங்குன்னியும் கூடையில் அப்படியே கிடந்தன. 'நட்டுக் கடை' என்று யாரோ சொன்னதைத் தன் காதாலேயே கேட்டதாகச் சொன்னார். இன்னும் அது ஒரு பெயராக ஒட்டிக்கொள்ளவில்லை, ஆனால் ஒட்டிக்கொள்ள இடம் தேடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் முள் நடுவில் நிற்கும்வரை காத்திருப்பார். நான் வருடக்கணக்காகச் சொல்லிக் கேட்காததை இப்போது செய்தார். வாங்குகிறவரையும் குனிந்து பார்க்கச் சொல்வார். தட்டிலிருந்து காகிதத்தில் கொட்டுவார். பொட்டலம் மடிப்பதற்கு முன் கூடையில் கை விட்டு ஒரு பிடி அள்ளி மேலே போடுவார். "எடை முடிஞ்சிருச்சு. இது வழியில காயறதுக்கு."

ஆட்கள் மெல்லத் திரும்பி வந்தார்கள். ஆனால் தட்டின் அடியைப் பார்ப்பது நிற்கவில்லை.

நான் இருந்த ஒரு முற்பகலில் ஆய்வாளர் தெருவுக்கே வந்துவிட்டார். திடீர்ச் சோதனை. பூக்கடையில் ஆரம்பித்து வரிசையாக வந்தார். அண்ணி கடை முன்னால் அவர் நின்றதும், எதிர்ச்சாரியில் வியாபாரமே நின்றுவிட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர் கல்லை எடுத்துவிட்டு வெறும் தராசைத் தூக்கினார். முள் நடுவில். தட்டுகளைத் திருப்பினார், ஒன்றுமில்லை. கற்களை வைத்துப் பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றார். குறைவாகப் பேசுகிறவர்தான், ஆனால் இதைத் தெரு கேட்கும்படி சொன்னார்.

அண்ணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாய் தெருவைக் கடந்து வந்தார். "சார், தராசு சரிதான். அதுக்கப்புறம் ஒரு கை அள்ளிப் போடறாங்களே, அதுக்கு முத்திர கெடையாதா?"

"எடை போட்டு முடிச்சப்புறம் குடுக்கறது அவங்க இஷ்டம் பாய். அதுக்குச் சட்டம் இல்ல."

"அப்ப நானும் அள்ளிப் போடணுமா? எவ்ளோன்னு போடறது, அவங்க கை அளவு எனக்குத் தெரியலியே."

ஆய்வாளர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அவர் கிளம்பாமல் கூடைகளைப் பார்த்தார். "அரைக் கிலோ நெத்திலி போடுங்கம்மா" என்றார்.

தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க அண்ணி எடை போட்டார். முள் நிற்கும்வரை நின்றார். காகிதத்தில் கொட்டினார். பழக்கத்தில் கை கூடைக்குப் போய் ஒரு பிடி அள்ளிவிட்டது.

"எனக்குக் கைப்பிடி வேணாம்மா. எடை போட்டது போதும்."

"எல்லாருக்கும் போடறதுதான் சார்."

"எனக்கு வேணாம்."

ஆய்வாளர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். முன்பு தட்டைத் தடவிப் பார்த்த பெண் ஒருத்தி, "எனக்கும் அரைக் கிலோ குடுக்கா" என்று முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர் நின்றார்கள்.

அண்ணியின் கையில் அந்த ஒரு பிடி நெத்திலி அப்படியே இருந்தது. கூடையில் திரும்பப் போட அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. "இருங்கம்மா, வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து, பாய் கடையின் மின்னணுத் தராசு மேல் அதைப் போட்டார்.

"உங்களுக்குத் தெரியணுமே பாய், பாத்துக்கோங்க."

பாய் ஓடிவந்து ஒரு பக்கம் குனிந்தார். நான் பின்னாலேயே போய் மறுபக்கம் குனிந்தேன். சிவப்பு எண்கள் மேலும் கீழும் துள்ளின. காற்று வேறு அடித்தது, நான் கையால் மறைத்துக்கொண்டேன். எண்கள் நிலைகொள்ளப் போகும் நேரத்தில் அண்ணி நெத்திலியை வாரி எடுத்துக்கொண்டு தன் கடைக்கு நடந்தார்.